விட்டதைப் பிடிக்கும் வெறி

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. ராத்திரி குடித்துவிட்டு செல்போனில் பணம் வைத்துச் சூதாடுகிறான். இரண்டு முறை கடனை அடைத்தோம். மறுபடி கடன். இந்த முறையும் அடைக்கலாமா? குடியை முதலில் நிறுத்துவதா, சூதாட்டத்தையா?

பதில்: அவன் கையில் மட்டும் பணம் தராதீர்கள். சூதில் மாட்டியவருக்கு அது விட்டதைப் பிடிக்கக் கிடைத்த முதலாகத்தான் தெரியும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். வெட்கத்தில் ஒன்றிரண்டை மறைப்பான். திட்டாமல், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். உதவுவதானால் கடன் கொடுத்தவரிடமே நேராகக் கட்டுங்கள். சம்பளக் கணக்கை அவன் சம்மதத்தோடு நீங்கள் பார்த்துக்கொண்டு, வாரச் செலவுக்கு மட்டும் கொடுங்கள்.

சூதாட்ட ஆப்பை அழித்தால் போதாது. அதில் அவன் தொடங்கிய கணக்கு அப்படியே இருக்கும்; ஆப்பைத் திரும்ப இறக்க இரண்டு நிமிடம் ஆகாது. கணக்கையே மூடச் சொல்லி, சேமித்து வைத்த கார்டை நீக்கி, சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் மென்பொருளைப் போடுங்கள். அதன் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும்.

ஆசை கிளம்பும் நேரத்தை அவனே குறித்து வரட்டும். "ராத்திரி 11 மணி, இரண்டாவது கிளாஸ், நண்பனோடு சண்டை" என்ற அளவு போதும். பத்து நாளில் எது தூண்டுகிறது என்று அவனுக்கே புரியும். அந்த ஆசை பெரும்பாலும் அரைமணிக்குள் தணிந்துவிடும். அதுவரை போன் உங்களிடம், அவன் வெளியே நடக்கட்டும்.

குடி, சூது இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். 'இவ்வளவுதான் வைப்பேன்' என்று பகலில் போட்ட கணக்கு, குடித்தபின் நிற்காது. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவன் திடீரென நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை வரும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

மனநல மருத்துவரிடம் குடி, சூது இரண்டையும் சொல்லுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு சூதாட்டத்தைக் குடி, போதையோடு ஒரே பிரிவில் வைத்தது. அதிலுள்ள 9 அறிகுறிகளில் ஓராண்டுக்குள் 4 இருந்தால் நோய் என்று கொள்வார்கள். சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் ஆலோசனை நன்றாக உதவுகிறது.

கடன் முற்றும்போது தற்கொலை எண்ணம் வருவதுண்டு. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று இன்றே நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.