முடிவு தெரிந்த பிறகும் கலங்கடிக்கும் கிளாசிக் நாவல்கள்: எவை, எப்படிப் படிப்பது?

"பழைய திகில் நாவல்களில் முடிவு தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? மறுபடி படிக்கத் தகுந்தவை எவை? எப்படிப் படிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவுகளைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. கீழே வரும் புத்தகங்களை ஒருமுறைகூடப் படிக்காதவர்கள் அந்தந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முடிவு தெரிந்ததும் ஓய்ந்துபோகும் நாவல்கள் நிறையவே உண்டு. 1764இல் வந்த 'ஒட்ரான்டோ கோட்டை' இந்த வகைக்கே பிள்ளையார் சுழி போட்ட நூல். ஆனால் அதன் தொடக்கத்தில் ஓர் இளைஞனை நசுக்கிக் கொல்லும் ராட்சதத் தலைக்கவசம் இரண்டாம் வாசிப்பில் நம்மை ஒன்றும் செய்வதில்லை. மறுவாசிப்பில் வளர்கிறவை வேறு ரகம். அவற்றில் பயம் சம்பவத்தில் மட்டும் இருக்காது. அதை யார் சொல்கிறார், எப்போது எழுதினார், அது யார் கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதில் இருக்கும். அதனால் முதல் வாசிப்பில் 'அடுத்து என்ன?' என்று ஓடிய மனசை, இரண்டாம் வாசிப்பில் 'இது இவருக்கு எப்படித் தெரியும்?' என்ற ஒரே கேள்விக்குத் திருப்ப வேண்டும்.

இதைப் பழகுவதற்கு மிகச் சரியான புத்தகம் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). 27 அத்தியாயங்களும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் குறிப்பேடு என்று தேதி போட்ட காகிதங்கள்தான். கதை மே 3ஆம் தேதி தொடங்கி நவம்பர் 6ஆம் தேதி முடிகிறது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தேதி, எழுதியவர், அதை மற்றவர்கள் படித்த நாள். மூன்றாவது பத்தி நிரம்ப நிரம்ப நாவல் வேறு ஒன்றாக மாறும்.

உதாரணத்துக்கு ஒன்று. ரத்தம் குடிக்கும் பிரபு டிராகுலாவின் கோட்டையில் தான் கண்ட எல்லாவற்றையும் ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறான். புடாபெஸ்டில் கல்யாணம் ஆகும்போது அதை மணமகள் மினாவிடம் கொடுக்கிறான். அவள் அதை வெள்ளைத் தாளில் சுற்றி, தன் கழுத்திலிருந்த வெளிர்நீல ரிப்பனால் கட்டி, அரக்கு வைத்து, கல்யாண மோதிரத்தாலேயே முத்திரை குத்துகிறாள். அவசியம் வந்தாலொழியத் திறப்பதில்லை என்று வாக்கும் கொடுக்கிறாள். முதல் வாசிப்பில் இது ஓர் அன்பான மனைவியின் செயல், அவ்வளவுதான். நோட்டில் தேதிகளை வரிசைப்படுத்தினால் வயிற்றைப் பிசையும். டிராகுலாவிடம் ரத்தம் இழந்த மினாவின் தோழி லூசி செப்டம்பர் 20 அன்று இறக்கிறாள். மினா அந்தக் கட்டைப் பிரிப்பது அதற்குப் பிறகு. லூசியின் கழுத்தில் இருப்பது என்ன காயம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே எழுத்து, அவள் சாகும்வரை நீல ரிப்பனுக்குள் இருந்திருக்கிறது.

இதே போல செப்டம்பர் 17ஆம் தேதித் தந்தியையும் பாருங்கள். இன்று இரவு லூசி வீட்டில் கட்டாயம் இரு என்று லூசிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஸீவர்டுக்கு ஆன்ட்வெர்ப்பிலிருந்து அவருடைய ஆசிரியர் வான் ஹெல்சிங் அடித்த தந்தி அது. முகவரியில் கவுன்ட்டி (மாவட்டம்) பெயர் இல்லாததால் அது சஸ்ஸெக்ஸுக்குப் போய் 22 மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. அந்த இரவில்தான் ஓநாய் ஜன்னலை உடைக்கிறது, லூசியின் தாய் இறக்கிறாள். அதற்குச் சில நாள் முன்னால், அறையில் காற்றில்லை என்று, லூசிக்குக் காவலாக வைத்திருந்த பூண்டுப் பூக்களை அள்ளி எறிந்து ஜன்னலைத் திறந்துவிட்டவள் அதே தாய். இதய நோயாளி என்பதால் அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. டிராகுலா ஜெயிப்பதற்குக் காரணம் அவன் பலம் மட்டும் இல்லை. நல்லவர்கள் ஒருவரிடம் ஒருவர் மறைத்ததுதான் பெரிய காரணம். இது மறுவாசிப்பில்தான் தெளிவாகத் தெரியும்.

இந்த நாவலைப் படிக்கும்போது பலருக்குத் தடையாக இருப்பது சினிமா ஞாபகம். நாவலின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். சாகும்போது அவன் நெஞ்சில் மரமுளை இல்லை. ஜோனதனின் கூர்க்கா கத்தி தொண்டையை அறுக்கிறது, அவன் நண்பன் குவின்ஸி மாரிஸின் கத்தி இதயத்தில் இறங்குகிறது. சினிமாவை மனசில் வைத்துப் படித்தால் கண் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும். கடைசிக் குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். மூலக் கையெழுத்துப் பிரதிகளை டிராகுலா முன்பே எரித்துவிட்டான். மிச்சம் இருப்பது பெரும்பாலும் தட்டச்சுப் பிரதிதான், இதை யாரும் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள் என்று ஜோனதனே ஒப்புக்கொள்கிறான். தட்டச்சு செய்து தொகுத்தவள் மினா, டிராகுலாவின் ரத்தத்தைக் குடிக்க நேர்ந்தவள். இதை மனசில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் பிண உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரைப் படைக்கும் கதை மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. இதில் முதல் வேலை, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்ப்பது. 1818இல் ஆசிரியர் பெயரில்லாமல் மூன்று பாகங்களாக வந்தது ஒன்று. 1831இல் அவரே திருத்தி ஒரே பாகமாக வெளியிட்டது மற்றொன்று. அட்டையில் பல பதிப்பகங்கள் இதைச் சொல்வதில்லை. அடையாளம் சுலபம்: எலிசபெத் விக்டரின் அத்தை மகளாக இருந்தால் 1818, இத்தாலியில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டிலிருந்து எடுத்து வளர்த்த பெண்ணாக இருந்தால் 1831. அத்தியாய எண்ணும் காட்டிக்கொடுக்கும். நவம்பர் இரவில் உயிர் வரும் காட்சி 1818 பதிப்பில் முதல் பாகத்தின் 4ஆம் அத்தியாயம், 1831 பதிப்பில் 5ஆம் அத்தியாயம். முதலில் 1818ஐப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. அதில் விக்டர் தன் முடிவுகளைத் தானே எடுக்கிறான். திருத்திய பதிப்பில் விதியின் மேல் பழிபோடும் வாக்கியங்கள் கூடிவிட்டன. இரண்டாம் முறை 1831ஐ எடுத்தால் அந்த வித்தியாசமே ஒரு தனி வாசிப்பாக இருக்கும்.

மறுவாசிப்பில் தேட வேண்டிய இடம் ஒன்று உண்டு, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கதை முழுக்க, விக்டரைத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு அவன் சொல்வதைக் கேட்கும் கப்பல் தலைவன் வால்டன் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்களுக்குள் இருக்கிறது. முடிவுக்கு அருகில் வால்டன் சொல்கிறான்: தான் குறிப்பெடுப்பது தெரிந்ததும் விக்டர் அவற்றை வாங்கிப் பார்த்து, பல இடங்களில் திருத்தியும் சேர்த்தும் கொடுத்தான், முக்கியமாகத் தன் எதிரியோடு பேசிய உரையாடல்களுக்கு உயிரூட்டினான் என்று. அப்படியானால் நடுவில் அத்தனை அத்தியாயங்களுக்கு நம்மை உருக்கிய அந்தப் படைப்பின் பேச்சு யாருடையது? அதை வெறுத்தவனே மெருகேற்றிய பேச்சு அது. விக்டரின் கை படாமல் அது பேசுவது கடைசியில், அவன் பிணத்தின் அருகே நின்று வால்டனிடம் பேசும்போது மட்டும்தான். அந்தக் கடைசிப் பேச்சை முதலில் படித்துவிட்டு நடுப்பகுதிக்குப் போங்கள், குரல் ஒன்றுதானா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இந்த நாவலைப் புதுமைப்பித்தன் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'காஞ்சனை' எழுதிய கை இதையும் தொட்டிருக்கிறது என்பதை நினைத்தால், அந்தக் கதையையும் 'இவர் சொல்வதற்கு வேறு சாட்சி உண்டா?' என்ற கேள்வியோடு திரும்பப் படிக்கத் தோன்றும்.

ஸ்டீவன்ஸனின் 'ஜெக்கிலும் ஹைடும்' (1886) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிப்பான டாக்டர் ஜெக்கிலும் கொடூரன் ஹைடும் ஒருவரே என்பது அன்றைய வாசகருக்குக் கடைசிவரை தெரியாத ரகசியம். இன்று படிக்காதவருக்கும் தெரியும். ஆகவே பத்தாவது பகுதியான ஜெக்கிலின் வாக்குமூலத்தை முதலில் படித்துவிட்டு முதல் பகுதிக்கு வாருங்கள். ஜெக்கில், ஹைட் இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல இருக்கிறது, சாய்வு மட்டும் வேறு என்று குமாஸ்தா சொல்லும் இடத்தில், வக்கீல் அட்டர்ஸன் உண்மையை நெருங்கியும் தன் நண்பன் ஜெக்கிலைத் தவறாகப் புரிந்துகொள்வது அப்போது வலிக்கும்.

இந்தப் பட்டியலில் எத்தனை முறை படித்தாலும் தீராதது ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898). ஒரு முன்கதையும் 24 சிறு அத்தியாயங்களும்தான்; ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். பிளை என்ற கிராமத்து மாளிகையில் மைல்ஸ், ஃப்ளோரா என்ற இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இளம் ஆசிரியை வருகிறாள். செத்துப்போன வேலைக்காரன் பீட்டர் குவின்ட்டும் முன்னாள் ஆசிரியை மிஸ் ஜெஸ்ஸலும் குழந்தைகளைத் தேடி வருகிறார்கள் என்று நம்புகிறாள்.

பென்சிலோடு படியுங்கள். ஆவி தெரியும் இடங்கள் மொத்தம் எட்டு: கோபுரம், ஜன்னல், ஏரி, மாடிப்படியில் குவின்ட், மாடிப்படியில் ஜெஸ்ஸல், பாட அறை, மறுபடி ஏரி, கடைசியில் மறுபடி ஜன்னல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அங்கே வேறு யார் இருந்தார்கள், அவர்கள் தாமாகவே என்ன சொன்னார்கள் என்று குறியுங்கள். 'அவனும் பார்த்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது' என்பது போன்ற வரிகளை அடிக்கோடிடுங்கள். அவை அவள் கண்டவை அல்ல, அவள் செய்துகொண்ட முடிவுகள். எட்டையும் முடித்துப் பார்த்தால், இன்னொருவர் தானாக முன்வந்து 'பார்த்தேன்' என்று சொன்ன இடம் ஒன்றுகூட இருக்காது. இரண்டாம் முறை ஏரிக்கரையில் வீட்டு நிர்வாகி மிஸஸ் குரோஸ் பக்கத்திலேயே நின்றும் அவளுக்கு எதுவும் தெரிவதில்லை.

அப்படியானால் எல்லாம் ஆசிரியையின் மனப்பிரமை என்று முடிவு கட்டிவிடலாமா? 1934இல் விமர்சகர் எட்மண்ட் வில்சன் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார். ஆனால் 5ஆம் அத்தியாயம் குறுக்கே நிற்கிறது. சுருட்டைச் செம்பட்டை முடி, வெளிறிய நீண்ட முகம், அடுத்தவருடைய உடுப்பு என்று அவள் வர்ணித்ததும் மிஸஸ் குரோஸ் அது குவின்ட் என்று அடையாளம் சொல்கிறாள். பெயரே கேள்விப்படாத ஆளை எப்படி வர்ணித்தாள்? இங்கே 2ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். இளமையும் அழகும் உள்ளவர்களை 'அவருக்கு'ப் பிடிக்கும் போல என்று, தன்னை வேலைக்கு அமர்த்திய எஜமானரை நினைத்து ஆசிரியை சொல்ல, 'ஆமாம், அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது' என்று கடந்த காலத்தில் சொல்லிவிட்டு, சட்டென்று 'எஜமானரைச் சொன்னேன்' என்று மழுப்புகிறாள் மிஸஸ் குரோஸ். யாரைச் சொன்னாள்? வேறொரு ஆள் இருந்தான் என்ற பொறி ஆசிரியையின் மனசில் அன்றே விழுந்திருக்கலாம். ஆனாலும் செம்பட்டை முடி வரை அது போதாது.

இந்த நாவலில் வாசகர்கள் சறுக்குவது இங்கேதான்: பேயா, பித்தா என்று ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மறுபக்க ஆதாரங்களைத் தள்ளிவிடுவது. அதற்குப் பதிலாக ஒருமுறை பேய் உண்மை என்று வைத்தும், அடுத்த முறை இல்லை என்று வைத்தும் படியுங்கள். இரண்டு முறையும் ஏதோ ஒன்று மிச்சப்படும். அதைவிட மோசமானது, இரண்டு முறையும் மைல்ஸ் அவள் கையில்தான் சாகிறான். அவன் கடைசியாகக் கத்தும் 'பிசாசே!' குவின்ட்டைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்பதற்கும் பதில் கிடையாது.

இதற்கு அடுத்து ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹான்ட்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) எடுங்கள். இங்கே கதை, பேய் வீடு என்று பெயரெடுத்த ஹில் ஹவுஸை ஆராயும் குழுவில் சேர வரும் எலினர் என்ற 32 வயதுப் பெண்ணின் மனசை ஒட்டியே போகிறது. முதல் அத்தியாயத்தில் அவள் கார் ஓட்டிவரும் வழியில் பார்க்கும் கல் சிங்கங்களையும், உணவகத்தில் ஒரு சிறுமி கேட்டு அடம்பிடிக்கும் நட்சத்திரக் கிண்ணத்தையும் குறித்துவையுங்கள். பிறகு அதே குழுவில் இருக்கும் தியோடோராவிடம் தன் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது இவையெல்லாம் அந்த வீட்டுச் சாமான்களாக வருகின்றன. அவளுக்கு வீடே கிடையாது. முதல் வாசிப்பில் தப்பிவிடும் இந்தப் பொய், இரண்டாம் வாசிப்பில் எந்தப் பேயையும்விட அதிகமாக மனசை அறுக்கும். இரண்டாம் இரவில் கதவைத் தட்டும் சத்தத்தில் அவள் பாதித் தூக்கத்தில் அம்மாவுக்குப் பதில் சொல்லியபடி எழுவதையும், அம்மா இறந்த இரவில் சுவரைத் தட்டியதைப் பற்றி அவள் பின்னால் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடு அவளைத் தேர்ந்தெடுத்ததா, அவள் வீட்டைத் தேர்ந்தெடுத்தாளா என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: கிளாசிக் பதிப்புகளின் முன்னுரைகள் முழுக் கதையையும் சொல்லிவிடும், ஒரு பக்கத்து விளக்கத்தை நம் தலையில் ஏற்றியும்விடும். முதல் வாசிப்புக்கு முன்னால் அவற்றைத் தொடாதீர்கள். உங்கள் சொந்தக் குறிப்புகள் தயாரான பிறகு படித்தால் சண்டை போடுவதற்கு நல்ல ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். தொடங்குவதற்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் 'டிராகுலா'. ஆங்கிலம் எளிது, தேதிகள் கைபிடித்துக் கூட்டிப்போகும். ஜேம்ஸின் வாக்கியங்கள் நீளமானவை, வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.