95 வாங்கியும் வெறும் பாஸ்தானா?

கேள்வி: பைத்தான் நிரல்மொழி படிக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. மார்க் கொடுத்தால் கிரேடு சொல்லும் பயிற்சியில் 50-க்கு மேல் 'பாஸ்', 75-க்கு மேல் 'நன்று', 90-க்கு மேல் 'மிக நன்று' என்று இதே வரிசையில் இஃப் (இப்படி இருந்தால்), எலிஃப் (இல்லாவிட்டால், இப்படி இருந்தால்) போட்டிருக்கிறேன். எர்ரர் எதுவும் இல்லை. ஆனால் 95 கொடுத்தாலும் 'பாஸ்' என்றே வருகிறதே?

பதில்: 95-உம் 50-க்கு மேல்தானே! இஃப்-எலிஃப் வரிசையைக் கணினி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும், முதலில் எந்த நிபந்தனை உண்மையாகிறதோ அதற்கான வேலையைச் செய்துவிட்டு, மிச்சமிருக்கும் எலிஃப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். அதனால் 90-ஐ மேலே போடுங்கள், அப்புறம் 75, கடைசியில் 50. எலிஃப் எல்லாவற்றையும் இஃப் ஆக்கினால் சரியாகிவிடும் என்று அடுத்து தோன்றும் (எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது). செய்து பாருங்கள், 95-க்கு மூன்று கிரேடும் வரிசையாக வந்து நிற்கும். தனித்தனி இஃப் என்றால் தனித்தனிக் கேள்விகள், ஒன்றின் பதில் மற்றதைத் தடுக்காது.

இன்னொன்று. '50-க்கு மேல்' என்கிறீர்கள், சரியாக 50 வாங்கியவர் பாஸா பெயிலா? வெறும் 'பெரியது' குறி போட்டிருந்தால் அவர் பெயில். நிரல் சரியா என்று பார்க்க 95, 20 என்று கொடுத்துப் பயனில்லை, 49, 50, 51 கொடுங்கள். தப்பு எப்போதும் எல்லைக்கோட்டில்தான் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: எண் 3 அல்லது 5 ஆக இருந்தால் என்பதற்கு 'இஃப் எண் == 3 ஆர் 5' என்று எழுதினேன். 8 கொடுத்தாலும் உண்மை என்கிறது.

பதில்: நாம் பேசுகிற மாதிரி எழுதிவிட்டீர்கள். பைத்தான் இதை 'எண் 3-க்குச் சமமா' என்றும், தனியாக '5' என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. பூஜ்யம் அல்லாத எந்த எண்ணும் அதற்கு உண்மைதான், ஆக மொத்த வரியும் எப்போதுமே உண்மை. 'எண் == 3 ஆர் எண் == 5' என்று முழுசாக எழுதுங்கள்.

கேள்வி: எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது செய்வதற்கான எல்ஸ் கட்டாயம் எழுத வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் யோசித்து எழுதாமல் விடுவது வேறு, மறந்துபோய் எழுதாமல் விடுவது வேறு. 2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாஃப்ட்டின் 30 ஜிபி 'சூன்' பாட்டுக் கருவிகள் ஒரே நாளில் கூட்டமாக உறைந்து நின்றன. நாட்களின் எண்ணிக்கையை ஆண்டாக மாற்றும் நிரல் ஒன்று அதற்குள் இருந்தது. நாட்கள் 365-க்கு மேல் இருக்கும்வரை அது சுற்றும், லீப் ஆண்டாக இருந்து நாட்கள் 366-க்கு மேலும் இருந்தால் 366-ஐக் கழித்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போகும். சரியாக 366 ஆக இருந்தால்? அதற்கு ஒரு வரிகூட இல்லை. 2008 லீப் ஆண்டு, டிசம்பர் 31 அதன் 366-ஆம் நாள். கழிக்கவும் வழியில்லை, சுழற்சியை விட்டு வெளியே வரவும் வழியில்லை, பேட்டரி தீரும்வரை சுற்றிக்கொண்டே இருந்தது. (மேலே சொன்ன 50 மார்க் ஆசாமியின் அண்ணன்தான் இந்த 366.) மறுநாள் சார்ஜ் போட்டு ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பாட்டு பாடியது, நாட்கணக்கு அன்று 367 ஆகிவிட்டது, 367 என்பது 366-க்கு மேல் அல்லவா!