கால் மைல் கேள்வி-பதில்: முதலில் டைம் ஸ்லிப்பைக் காட்டுங்கள்

கால் மைல் டிராக் பந்தயம் (நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஓடும் கார்ப் பந்தயம்) பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் டைம் ஸ்லிப்பின், அதாவது ஓட்டம் முடிந்ததும் தளத்தில் தரும் நேரச் சீட்டின், நகல் இல்லை. "வண்டி முன்போல இழுக்கவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எவராலும் குறை கண்டுபிடிக்க முடியாது. முதல் 60 அடிக்கான நேரம், அரைக்கால் மைல் நேரம், கால் மைல் நேரம், முடிவுக்கோட்டு வேகம், ஓட்டுநரோடு சேர்ந்த எடை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். எழுதாதவர்களின் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கே: என்னுடைய 1970 செவர்லே செவெல் 396 கன அங்குல எஞ்சினோடு 14.6 வினாடியில் ஓடுகிறது. 60 அடி நேரம் 2.5, வேகம் மணிக்கு 98 மைல், எடை 3,900 பவுண்டு. 750 கார்புரேட்டரை (நிமிடத்துக்கு 750 கன அடி காற்றை விடுவது) கழற்றிவிட்டு 850 போடலாமா?

வேண்டாம். 98 மைல் வேகம் காட்டும் இந்த எடையுள்ள வண்டி 13.9 வினாடியில் ஓட வேண்டும். எஞ்சின் தன் வேலையைச் செய்திருக்கிறது. மீதி முக்கால் வினாடியை நீங்கள் புறப்படும் இடத்திலேயே தொலைத்திருக்கிறீர்கள். 60 அடியில் மிச்சமாகும் ஒவ்வொரு 0.1 வினாடியும் கால் மைல் முடிவில் ஏறத்தாழ 0.15 வினாடியாகத் திரும்பக் கிடைக்கும். 396 கன அங்குல எஞ்சின் 5,500 சுற்றில் குடிக்கும் காற்று நிமிடத்துக்குச் சுமார் 630 கன அடி மட்டுமே என்பதால், இப்போதுள்ள 750 தாராளமாகப் போதும். நல்ல டயர், குறைந்த காற்றழுத்தம், வலப்பக்கப் பின் ஸ்பிரிங்குக்குள் ஓர் ஏர்பேக் (ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுக்கும் காற்றுப்பை) ஆகியவற்றை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

கே: கணினியில் வரும் ‘ரியாக்‌ஷன் டைம்’ கால் மைல் நேரத்தில் சேருமா?

சேராது. அது பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து நீங்கள் புறப்படும்வரை ஆகும் நேரம். முன் சக்கரம் புறப்படும் கோட்டிலுள்ள ஸ்டேஜ் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆனால் எதிராளியை வெல்வதற்கு இரண்டின் கூட்டுத்தொகைதான் கணக்கு என்பதால், பச்சை விளக்கில் தூங்கிவிட்டு நேரம் நன்றாக வந்ததாக மகிழ வேண்டாம்.

கே: என்னுடைய 1970 செவெல்லில் உள்ள எல்எஸ்6 எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன். நண்பரின் 2015 மஸ்டாங் ஜிடிக்கு 435தான். இருந்தும் ஒவ்வொரு முறையும் அவரே முந்துகிறார். என் எஞ்சினில் என்ன கோளாறு?

எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு நீங்கள் ஒப்பிட்ட இரண்டு எண்களில் இருக்கிறது. இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது, விளம்பரத் தாளில் அச்சான எண்ணைச் சாசனமாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் ஒழிந்தபாடில்லை.

1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் பெரிதாக அச்சிட்ட எண் ‘கிராஸ்’ குதிரைத்திறன். எஞ்சினைத் தனியாகத் தாங்கியில் ஏற்றி, ஏர் கிளீனரும் விசிறியும் வண்டியின் சைலன்சரும் இல்லாமல், தீப்பொறி டைமிங்கை அந்தச் சோதனைக்கென்றே சரிசெய்து அளந்த எண் அது. 1972 மாடல்களிலிருந்து, எல்லா உறுப்புகளும் பொருத்தப்பட்ட நிலையில் அளந்த ‘நெட்’ எண் பொது வழக்கமாயிற்று. செவர்லே கார்வெட் காரின் எல்டி-1 எஞ்சின் இதற்கு நல்ல சாட்சி: 1971இல் 330 என்று விற்கப்பட்ட அதே 350 கன அங்குல எஞ்சின், கம்ப்ரெஷன் விகிதம் (எரிகலவையை அழுத்தும் அளவு) மாறாமலேயே 1972இல் 255 ஆயிற்று. அந்த ஒரு குளிர்காலத்தில் எஞ்சினிலிருந்து 75 குதிரைகள் ஓடிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது. உங்கள் நண்பரின் 435 நெட் எண்.

இதற்கு நேரெதிரான பொய்யும் உண்டு. காப்பீட்டுக் கட்டணத்துக்கு அஞ்சியும், டிராக் பந்தயத்தில் சாதகமான வகுப்பைப் பெறுவதற்காகவும் சில எஞ்சின்களின் எண்ணை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள். 1968இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் டிராக் பந்தயத்தில் அறிமுகமாகி, ஆல் ஜோனியெக் ஓட்டி சூப்பர் ஸ்டாக் பிரிவை வென்ற ஃபோர்டு 428 கோப்ரா ஜெட்டுக்கு அறிவித்த திறன் வெறும் 335. கார்வெட்டின் எல்88 பந்தய எஞ்சினுக்கு 430 என்று எழுதிவிட்டு, அதைவிட மென்மையான மூன்று கார்புரேட்டர் 427க்கு 435 என்று எழுதியதும் இதே கூத்துதான். இவற்றை நம்பாமல் டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பே தன் வகுப்புகளுக்காகச் சொந்தமாகத் திறன் மதிப்பீடு செய்துகொண்டது. ஆகவே ஓர் எண் கூடவும் சொல்லப்பட்டிருக்கலாம், குறையவும் சொல்லப்பட்டிருக்கலாம். இரண்டில் எது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

டைம் ஸ்லிப் சொல்லும். முடிவுக்கோட்டு வேகத்தை 234ஆல் வகுத்து, அதன் மூன்றாம் அடுக்கை எடையால் பெருக்குங்கள். நீங்கள் எழுதியுள்ள 105 மைலுக்கும் 4,100 பவுண்டுக்கும் ஏறத்தாழ 370 குதிரைத்திறன் வருகிறது. நல்ல நிலையிலுள்ள ஓர் எல்எஸ்6, வண்டிக்குள் பொருத்தப்பட்ட நிலையில் இவ்வளவு தந்தால் அது மரியாதையான எண்தான். நண்பரின் வண்டி உங்களுடையதைவிட எடை குறைந்தது, அதன் டயர் சாலையைப் பிடிக்கிறது, கியர்பெட்டியில் ஆறு படிகள் இருக்கின்றன; உங்கள் ஆட்டோமேட்டிக்கில் மூன்றுதான். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு 450ஐயும் 435ஐயும் பக்கத்தில் வைத்து வருந்துவது வீண்.

கே: 11க்கு 1 கம்ப்ரெஷன், இரும்பு ஹெட். பம்ப்பில் கிடைக்கும் 93 ஆக்டேனில் நாக்கிங் (எரிகலவை தானாக வெடித்து எழும் தட்டல்) வருகிறது. ஈயம் சேர்க்கலாமா?

அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் 1996 தொடக்கத்தோடு முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அதன் இன்மையால் தேயக்கூடிய வால்வு சீட்டுகளைக் கெட்டிப்படுத்தியவையாக மாற்றிவிட்டால் அந்தக் கவலை முடிந்தது. நாக்கிங் வேறு பிரச்சினை. டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளித்தால் திறனும் போகும், எஞ்சின் சூடும் ஏறும். பந்தய எரிபொருள் வாங்குங்கள், அல்லது பிரித்து 9.5 அளவுக்குக் கம்ப்ரெஷனைக் குறையுங்கள். நடுவழி வேண்டுமென்றால் அலுமினிய ஹெட்.

கே: டென்வர் அருகே, 2023இல் மூடப்பட்ட பாண்டிமியர் தளத்தில் என் வண்டி 15.0 ஓடியது. கடல் மட்டத்தில் எவ்வளவு ஓடும்?

ஏறத்தாழ 14.1. அந்தத் தளம் சுமார் 5,800 அடி உயரத்தில் இருந்தது. மெல்லிய காற்று ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போலத் திறனைத் தின்னும். கீழே இறங்கும்போது கார்புரேட்டர் ஜெட்டுகளைப் பெரிதாக்க மறந்தால் எரிபொருள் போதாமல் பிஸ்டன் உருகும்.

கே: 28 அங்குல டயர், முடிவுக்கோட்டில் 105 மைல், எஞ்சின் 5,500க்கு மேல் மூச்சுவிடுவதில்லை. பின் ஆக்சிலில் 4.56 விகிதக் கியர் போடச் சொல்கிறார்கள்.

சொல்பவர்கள் கணக்குப் போட்டார்களா? வேகத்தை ஆக்சில் விகிதத்தாலும் 336ஆலும் பெருக்கி டயர் விட்டத்தால் வகுத்தால் 4.56க்கு 5,750 சுற்று வருகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் கன்வெர்ட்டர் (எஞ்சினைக் கியர்பெட்டியோடு சேர்க்கும் திரவ இணைப்பு) நழுவல் இன்னும் ஓர் இருநூறைச் சேர்க்கும். 4.10 போதும். கன்வெர்ட்டரையும் கூடவே மாற்றாதீர்கள்; ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

கே: 13.5 வினாடி வண்டிக்கு ஹெல்மெட், டிரைவ்ஷாஃப்ட் லூப் (சுழல் தண்டைச் சுற்றிய பாதுகாப்பு வளையம்) எல்லாம் கட்டாயமா? ஆரம்பத்தில் ஊருக்கு வெளியே வெறும் சாலையில் பழகிக்கொள்ளலாமா?

14 வினாடிக்குள் ஓடும் எவருக்கும் ஹெல்மெட் உண்டு. அந்த நேரத்தை ஸ்லிக் (பள்ளமில்லாத பந்தய) டயரோடு ஓடினால் லூப்பும் கட்டாயம். முன் யூனிவர்சல் ஜாயின்ட் முறிந்தால் சுழலும் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும் என்பதால், அந்த ஜாயின்ட்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் லூப் இருக்க வேண்டும். கைக் கியர் வண்டியாக இருந்தால், பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை விதி கேட்கும்வரை காத்திராமல் மாற்றுங்கள்; அது வெடிக்கும்போது சிதறும் இடம் உங்கள் பாதங்கள். சாலையில் பழகுவது பற்றிய கேள்விக்குப் பதில் கிடையாது, இனியும் கேட்க வேண்டாம்.

கே: ‘ஒரிஜினல் ஹெமி’ என்று சொல்லி 1970 பிளிமத் ரோட் ரன்னர் ஒன்றை விற்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், பயங்கர வேகம். வாங்கலாமா? டாஷ்போர்டு எண்ணின் படம் இணைத்துள்ளேன்.

வேகத்தால் எதுவும் நிரூபணமாகாது; எந்த பிளிமத்துக்குள்ளும் பின்னாளில் ஒரு 426 கன அங்குல ஹெமி எஞ்சினை இறக்கிவிடலாம். அந்த ஆண்டு வண்டியின் அடையாள எண்ணில் (விஐஎன்) ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ எழுத்து இருந்தால் மட்டுமே அது ஹெமியாகத் தொழிற்சாலையை விட்டு வந்தது. நீங்கள் அனுப்பிய படத்தில் அங்கே இருப்பது ‘என்’ எழுத்து, அதாவது 383 கன அங்குல எஞ்சின். அந்த விலைக்குப் பேசுங்கள்.