கான்கிரீட்டில் சிலிகா: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பல வருடமாக சிங்கப்பூர் ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலை ஆய்வகத்தில், பலம் பார்க்க கான்கிரீட் கட்டிகளை (கியூப்) உடைப்பவன் நான். மைக்ரோசிலிகா பற்றிக் கேளுங்கள் என்றதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டீர்கள்.

துவாஸ் சைட் சூப்பர்வைசர்: அண்ணே, மைக்ரோசிலிகா போட்டால் எவ்வளவு சிமெண்ட் மிச்சமாகும்?

சிலிக்கான், ஃபெர்ரோசிலிக்கான் உருக்கும் மின் உலையின் புகையில் பிடித்த பொடிதான் இது, தம்பி. துகள் சிமெண்ட்டைவிட ஏறக்குறைய நூறு மடங்கு சிறியது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது பசையோடு சுண்ணாம்பும் வெளிவரும், அதற்குப் பெரிய பலம் கிடையாது. சிலிகா அதைப் பிடித்து இன்னும் பசையாக்கிவிடுகிறது, இண்டு இடுக்கையும் அடைக்கிறது. 400 கிலோ சிமெண்ட்டுக்கு 8 சதவீதம் என்றால் 32 கிலோ. சிமெண்ட்டுக்குத் தண்ணீர் விகிதம் எடையில் 0.45க்குள் இருந்தால் இஎன் 206 என்ற ஐரோப்பிய கான்கிரீட் தரநிலைப்படி ஒரு கிலோ சிலிகாவை இரண்டு கிலோ சிமெண்ட்டாகக் கணக்கு வைக்கலாம். ஆனால் சிலிகா விலை அதிகம். சிமெண்ட் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஸ்லாக் (இரும்பு உலைக் கசடின் தூள்) போடுங்கள், பாதி சிமெண்ட்டையே எடுத்துவிடலாம். கடல் உப்பு கம்பியை அரிக்கும் இடத்துக்கும் அதிகப் பலம் வேண்டும் உயர் கிரேடு கான்கிரீட்டுக்கும்தான் சிலிகா.

கலவை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் மருந்தைத்தான் கூட்ட வேண்டும், அதுவும் ஆலையைக் கேட்டுவிட்டு. இன்னொன்று, இந்தக் கலவையில் மேலே தண்ணீர் கசியாது, அதனால் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு கார் நிறுத்தத்தின் கூரைத் தளத்தை மட்டம் தட்டி முடித்து தே தாரிக் குடிக்கப் போனோம்; திரும்பி வந்தால் மேலே வலை பின்னியது போல வெடிப்பு, ஒன்றில் விரல் நகம் நுழைந்தது. தட்டத் தட்டவே நீர்ப்புகை அடித்து பிளாஸ்டிக் விரித்திருக்க வேண்டும்.

இந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்குமா?

சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருவது படிக சிலிகாவால். இது பெரும்பாலும் படிகமில்லாதது. உங்களுக்கு உண்மையான ஆபத்து பழைய கான்கிரீட்டை ஹேக்கிங் செய்யும்போது, அதாவது கொத்தி உடைக்கும்போது, பறக்கும் தூசி. இரண்டுக்கும் மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் அல்ல, என்95.

ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) குறைந்தால் லாரியில் தண்ணீர்...

மேலே பாருங்கள்.

எங்கள் எச்டிபி (வீடமைப்பு வாரிய) வீட்டுக் கழிவறை மேல்கூரை ஒழுகுகிறது, சிலிகா பூசலாமா?

அது மேல்வீட்டு வாட்டர்ப்ரூஃபிங் பிரச்சினை, அக்கா. மேல்வீட்டாரிடம் பேசுங்கள், எச்டிபிக்கும் சொல்லுங்கள்.

சிலிகாவெல்லாம் எதற்கு? செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை நம் ஆட்கள் முட்டை, சர்க்கரை போட்டுத்தானே கட்டினார்கள்?

பாதி சரி. 1856 முதல் 1861 வரை கட்டியதில் இந்தியக் கைதிகள் உழைத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர், இது மெட்ராஸ் சுண்ணாம்பு. ஆனால் அது சுவர்ப்பூச்சு. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும். சிலிகாவுக்கு அங்கே வேலையில்லை.

அப்போ பாட்டன் போட்ட சுர்க்கி? அதுவும் பொய்யா?

யார் பொய் என்றது! சுட்ட செங்கல் தூளைச் சுண்ணாம்பில் கலப்பதுதான் சுர்க்கி, அங்கே சிலிகா வேலை செய்கிறது. மைக்ரோசிலிகாவுக்கு முப்பாட்டன் என்றே சொல்லலாம்.

பாட்டனைத்தான் நீங்கள் இப்போது காப்பியடிக்கிறீர்கள், ஒப்புக்கொள்ளுங்கள்!

ஒப்புக்கொள்கிறேன், போதுமா? சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து, சிமெண்ட்டின் மூலப்பொருளான கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமெண்ட் வந்திருக்கிறது, சுர்க்கியின் பேரன். ஆனால் களிமண்ணில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் வகை இருக்க வேண்டும், 700 முதல் 850 டிகிரிக்குள் சுட வேண்டும். உமிச்சாம்பலும் அப்படித்தான், அதிகம் எரித்தால் படிகமாகிக் கெட்டுவிடும். பாட்டன் வீட்டுச் செங்கலை இடித்துத் தூளாக்கிக் கொண்டுவந்து என் ஆலை வாசலில் நிற்காதீர்கள்.

சார், தூள் கொண்டுவந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றணும்?

நீங்களுமா!