மெயில்மேன் குழுவில் தலைவர் பெயரில் போலி அஞ்சல் எப்படி நுழைகிறது?

மெயில்மேன் என்ற அஞ்சல் குழு மென்பொருளில் உறுப்பினர் அல்லாதோரின் அஞ்சலைத் தடுத்த பிறகும் தலைவர் பெயரில் போலி அஞ்சல் எல்லாருக்கும் போய்விட்டது என்கிறீர்கள். போகத்தான் செய்யும். மெயில்மேன் நம்புவது அனுப்புநர் வரியை; அஞ்சலைக் கொண்டுசேர்க்க 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறையோ அந்த வரியைச் சரிபார்ப்பதே இல்லை.

அறிவிப்புக்கான குழு என்றால், உங்களையும் சேர்த்து எல்லா உறுப்பினர்களையும் மட்டுறுத்தலில், அதாவது ஒப்புதல் கிடைக்கும்வரை அஞ்சலை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டில், வையுங்கள். நீங்கள் அனுப்பும் அஞ்சலின் முதல் வரியில் ‘அப்ரூவ்டு’ என ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியிட்டு, மட்டுறுத்துநர் கடவுச்சொல்லைச் சேருங்கள். கடவுச்சொல் பொருந்தினால் அதையே ஒப்புதலாகக் கொண்டு, அந்த வரியை நீக்கிவிட்டுத்தான் மெயில்மேன் விநியோகிக்கும். வெற்று உரையாகவே அனுப்புங்கள். எச்டிஎம்எல் அலங்காரத்துக்குள் சிக்கினால் கடவுச்சொல் ஊரறிந்த ரகசியமாகிவிடலாம்.

உரையாடல் குழுவுக்கு இது ஒத்துவராது. அங்கே அஞ்சல் சேவையக மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் வாசலிலேயே, அனுப்புநர் டொமைன் உண்மையா எனப் பார்க்கும் டிமார்க் சோதனையை வைத்துப் போலிகளைத் திருப்பியனுப்புங்கள். ஆனால் அனுப்புநரின் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) போலிகளை ஏற்காதீர்கள் என்ற கண்டிப்பான கொள்கையை அறிவித்திருந்தால்தான் அது பலிக்கும்.