பச்சைக் கஞ்சாவும் கேக் போறணையும்: மட்டக்களப்பு மருந்தாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி (ரொறன்ரோ, சொந்த ஊர் கல்லாறு): வீட்டுச் செடியை நேற்று அறுத்தேன். காயவிடாமல் அரைத்துக் கேக் மாவில் சேர்க்கலாமா?

பதில்: ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை சட்டம் அனுமதிப்பதால், உங்களுக்கு இரசாயனத்தை மட்டும் சொல்கிறேன். பச்சைச் செடியில் போதை தரும் டீ.எச்.சீ. மிகக் குறைவு, அதன் முன்னோடியான அமிலமே நிறைந்திருக்கும். சூடுபட்டு அந்த அமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறினால்தான் அது டீ.எச்.சீ.யாக மாறும். போறணையை 180 பாகையில் வைத்தாலும், மாவில் ஈரம் இருக்கும் வரை கேக்கின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டாது. ஓரமும் மேற்பட்டையுமே தாண்டும். பச்சைப் பூவின் எடையில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீர் என்பதால் ஈரம் இன்னும் கூடும். ஆகவே ஒரே கேக்கில் ஓரத்துண்டு ஒருவிதமாகவும் நடுத்துண்டு வேறுவிதமாகவும் அமைய, எதில் எவ்வளவு இருக்கிறது என்பது சுட்டவருக்கே தெரியாது. உங்கள் நாட்டுக் கடைகளில் விற்கும் உண்பண்டங்களிலோ ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டீ.எச்.சீ.யே உச்ச அளவு என்று 2019 இல் விதித்தார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கேக் வடிவில் வைக்கவே வேண்டாம்.

கேள்வி (அதே நேயர்): மீதிப் பூவைப் பொலித்தீன் பையில் வைத்திருக்கிறேன்.

பதில்: ஈரத்தோடு கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் சூட்டில் இறந்தாலும் அது விட்டுச்செல்லும் நஞ்சு அழியும் என்று நம்ப முடியாது. எறிந்துவிடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): வெளிநாடு சென்றபோது உண்டேன், அரை மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு துண்டு உண்டிருக்கலாமா?

பதில்: கூடாது. உண்டது ஈரல் வழியாகச் சென்று, ஒரு பகுதி இன்னும் வலிய பொருளாக மாறி மூளையை எட்டும். அதற்கு இரண்டு மணி நேரம் கூடப் பிடிக்கலாம். அதற்குள் இரண்டாம் துண்டை உண்டுவிட்டு வைத்தியசாலைக்கு வருபவர்கள் உண்டு.

கேள்வி (திருக்கோவில்): நம் நாட்டில் சொந்தப் பாவனைக்குச் செய்யலாமா?

பதில்: முடியாது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வளர்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மாவில் கலந்துவிட்டேன் என்ற வாதம் நீதவானிடம் எடுபடாது.

கேள்வி (மண்டூர்): எங்கள் வைத்தியப் பரம்பரையில் இலையைப் பலமுறை கழுவிப் பிழிந்து, நெய்யில் வறுத்துச் சுத்தி செய்த பின்பே லேகியத்தில் சேர்ப்பார்கள். சுத்தி செய்தால் நஞ்சு நீங்கிவிடும் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, மறுக்கிறேன். கழுவும்போது தூசியும் நீரில் கரையும் சாறும் போகும். போதைப்பொருளோ பூவிலும் அதை ஒட்டிய சிற்றிலைகளிலும் உள்ள நுண்மயிர்களின் பிசினில் இருக்கிறது. விரலில் ஒட்டினால் சவர்க்காரத்துக்கும் இலகுவில் போகாத அந்தப் பிசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நெய்யில் வறுக்கும்போது அமிலம் டீ.எச்.சீ.யாக மாறி நெய்யிலேயே இறங்குகிறது. ஆக, அந்தச் சுத்தி போதையை நீக்குவதில்லை, எழுப்பிவிடுகிறது.

கேள்வி (மண்டூர்): அப்படியானால் முன்னோர் அறியாதவர்களா?

பதில்: அல்லர். அவர்கள் நாடி பார்த்து, பல சரக்குகளோடு சேர்த்து, சுண்டைக்காயளவு கொடுத்தார்கள். பிறந்தநாள் கேக்கை வெட்டுபவர் யாருடைய நாடியையும் பார்ப்பதில்லை. உங்கள் வைத்தியத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதைப் பேக்கரிக்குச் சாட்சியாக அழைப்பதே எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (கல்லடி): இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பப்பா காலத்தில் இறைச்சிக்கறியில் இலை போட்டார்களே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: முற்றிய பெரிய இலையில் பிசின் சொற்பம், கறி கொதிக்கும் சூட்டில் அமிலம் மெதுவாகவே மாறும். பூவை அரைத்துப் போட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். மண்டூர் அன்பருக்கும் இதுவே பதில். இனி இலைக்கணக்கு வேண்டாம்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): பச்சையாக அரைத்துப் பட்டரில் கலந்தால்?

பதில்: முதற் பதிலை வாசியுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): மாஜரினில் கலந்தால்?

பதில்: அதுவும் கொழுப்புத்தான். முதற் பதில்.

கேள்வி (பொத்துவில்): சுற்றுலாப் பயணி ஒருவர் விட்டுச்சென்ற பிஸ்கட்டைப் பிள்ளை உண்டு, எழுப்ப எழுப்பத் தூங்கினால் என்ன செய்வது?

பதில்: வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், மோர், தேசிக்காய்ச்சாறு எதுவும் ஊற்ற வேண்டாம். பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்தி, மூச்சைக் கவனித்தபடி அம்புலன்ஸ் இலக்கமான 1990 ஐ அழையுங்கள். மீதிப் பிஸ்கட்டையும் பொதியையும் உடன் கொண்டுசெல்லுங்கள். பொலிசுக்குப் பயந்து, உண்டது என்ன என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.