அதிர்வு சென்சார்களில் எது சிறந்தது? ஆலை முழுவதற்கும் ஒரே வகை வாங்கினால் போதாதா?

போதாது. எல்லா இயந்திரத்துக்கும் ஒரே மாதிரி வாங்கச் சொல்லி மேலிடத்தில் நெருக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டு, முதலில் எந்த இயந்திரத்தில் என்ன பேரிங் என்று பாருங்கள்.

பால் பேரிங் ஓடும் பம்ப், மோட்டாருக்கு ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்). பேரிங்கில் விழும் நுண்ணிய விரிசல் முதலில் சில ஆயிரம் ஹெர்ட்ஸில்தான் தெரியும். பெயிண்டைச் சுரண்டித் திருகிப் பொருத்துங்கள். சென்சாரின் கூர்முனையைக் கையால் அழுத்திப் பிடித்தால் அந்த உயர் அதிர்வெண் வந்து சேராது. சமநிலைக் கோளாறு, அலைன்மென்ட் கோளாறு போன்றவற்றுக்கு மில்லிமீட்டர்/வினாடி காட்டும் வேக அளவீடு போதும்.

ஸ்லீவ் பேரிங் (குண்டுகள் இல்லாமல் எண்ணெய்ப் படலத்தின் மேல் ஷாஃப்ட் சுழலும் வகை) டர்பைன் கதை வேறு. நான் வேலை பார்த்த சர்க்கரை ஆலையில் அரவை உச்சத்தில் இருந்தபோது, ஷிப்ட் பொறியாளர் கை மீட்டரைக் கேசிங்கில் (வெளிக்கூட்டில்) வைத்து, "இரண்டுதான் காட்டுகிறது, ஓடட்டும்" என்றார். ஷாஃப்ட்டுக்கு மேலே நின்ற ப்ரோப்பிலோ (ஷாஃப்ட்டைத் தொடாமல், அதற்கும் தனக்கும் உள்ள இடைவெளியை வோல்ட்டாகக் காட்டும் சென்சார்) மைனஸ் 10 வோல்ட்டில் இருந்த இடைவெளி மின்னழுத்தம் மைனஸ் 11ஐத் தாண்டியிருந்தது. மில்லிமீட்டருக்கு 7.87 வோல்ட் என்பது அந்த ப்ரோப்பின் கணக்கு; மைனஸ் கூடினால் இடைவெளி கூடுகிறது. அப்படியென்றால் ஷாஃப்ட் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. சொன்னேன். "ப்ரோப் பழுது, வயரைக் கழற்று" என்றார்கள். நான் கழற்றவில்லை, எழுத்தில் கொடுங்கள் என்றேன், யாரும் கொடுக்கவில்லை. கரும்பு வரத்து நின்ற நாளில் திறந்தபோது, கீழ்ப்பாதி பேரிங்கின் ஒயிட் மெட்டல் (உட்புறம் பூசிய மென்மையான உலோகம்) உரிந்து எண்ணெய்ப் பள்ளத்தில் நசுங்கிய ஈயத்தாள் போல அடைந்து கிடந்தது. கனத்த கேசிங், இலேசான ரோட்டர், நடுவில் எண்ணெய்ப் படலம்: உள்ளே நடப்பது வெளியே எப்படித் தெரியும்?

ப்ரோப்தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பால் பேரிங் பம்பில் அதை மாட்டுவது வீண் செலவு. மலிவான எம்இஎம்எஸ் (சிலிக்கான் சிப்பிலேயே அமைந்த சிறிய) சென்சாரையும் குறை சொல்லவில்லை. முக்கியமில்லாத ஃபேன்களுக்கு அது தாராளம்.

அந்தப் பருவத்து ஊக்கத்தொகை முழுவதும் உற்பத்திப் பிரிவுக்குப் போனது. பராமரிப்புக்காரனுக்கு இயந்திரம் நின்றால் மெமோ, ஓடினால் ஒன்றுமில்லை. உங்கள் ஆலையிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

ஸ்லீவ் பேரிங்கில் ஓடும் இயந்திரங்கள் உங்களிடம் எத்தனை என்று கருத்தில் எழுதுங்கள். அவற்றுக்கான ப்ரோப்களைத் தனிப் பட்டியலாகக் கேளுங்கள். மற்றவற்றோடு கலந்து அனுப்பினால் கொள்முதல் பிரிவில் முதலில் வெட்டுவது அதைத்தான்.